போனவர்கள் கொண்டுவந்த நிருபம்



சென்ற ஞாயிறு பிரசங்கத்தில், ஆசியாவின் பல நாட்டு மேற்றிராணிமாரும் குருக்களும் விசுவாசிகளும் வெளிநாடுகளில் ஒன்றுகூடும் கூட்டங்களைக் குறித்துச் சொன்னேன். பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது, கொழுந்து பறித்துப் பிழைக்கும் ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, "சாமி, அம்புட்டு தூரம் ஏரோப்ளேன்ல போறாங்களே, எங்களுக்கு என்ன கொண்டாந்தாங்க?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மஞ்சூரிலிருந்து ஊட்டி போய்வந்தாலே ஒரு நாள் கூலியை இழக்கும் மக்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. ஆகையால் இவ்வாரப் பாடமாக அதையே எடுத்துக்கொள்வோம்.

திருச்சபையின் முதல் நெடும்பயணக் கூட்டம் எது? அப்போஸ்தலர் நடபடி ஆகமம் 15-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏறக்குறைய கி.பி. 49-ம் ஆண்டில் அந்தியோக்கியா சபையில் பெரும் கலக்கம் உண்டாயிற்று. யூதேயாவிலிருந்து வந்த சிலர், விருத்தசேதனம் பெறாத புறசாதியாருக்கு இரட்சணியம் இல்லை என்று போதித்தார்கள். இது சிறு தர்க்கமல்ல. மனந்திரும்பிய ஏழை எளியவர்கள் வீட்டுக்கு உரியவர்களா, திண்ணையோடு நிற்க வேண்டியவர்களா என்பதே வழக்கு. அதைத் தீர்க்க அர்ச். சின்னப்பரையும் பர்னபாவையும் வேறு சிலரையும் ஜெருசலேமுக்கு அனுப்பினார்கள். தூரம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் இருபது நாள் ஆகும்.

இங்கே மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அவர்கள் தாங்களாகப் போகவில்லை, சபையால் அனுப்பப்பட்டார்கள். சபையின் துயரத்தைச் சுமந்துகொண்டு போனார்கள். ஊராருடைய வழக்கை அறியாமல் ஊருக்காகப் பேசப் போகிறவன் யாருக்காகப் பேசுவான்?

இரண்டாவது, வழியை வீணாக்கவில்லை. பெனிசியா, சமாரியா நாடுகளைக் கடக்கையில், புறசாதியார் மனந்திரும்பிய செய்தியை அங்கங்கேயுள்ள சகோதரருக்குச் சொல்லி மகிழ்வித்தார்கள். கூட்டம் ஜெருசலேமில் தொடங்கவில்லை, வழியிலேயே தொடங்கிவிட்டது.

மூன்றாவது, திரும்பி வந்தார்கள். அர்ச். இராயப்பர் பேசினார், அர்ச். இயாகப்பர் தீர்ப்புச் சொன்னார்; அந்தத் தீர்ப்பு நிருபமாக எழுதப்பட்டது. அதை யூதா, சீலா என்னும் இருவர் துணையோடு அந்தியோக்கியாவுக்குக் கொண்டுவந்து, சபை முழுவதையும் கூட்டிக் கையளித்தார்கள். ஜனங்கள் அதை வாசித்து ஆறுதலடைந்தார்கள். நிருபம் சின்னப்பருடைய பையிலேயே கிடந்திருந்தால் அந்தச் சங்கத்தால் அந்தியோக்கியாவுக்கு என்ன பயன்?

நம் காலத்துக்கு வருவோம். நம் ஊட்டி மறைமாவட்டம் 1955-ல் உண்டானது. அதன் முதல் மேற்றிராணியார் அந்தோனி படியறை ஆண்டகை, உரோமையில் நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில் பங்குபற்றினார். அச்சங்கம் 1963 டிசம்பர் 4-ந் தேதி வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம், மக்கள் பேசும் மொழிக்குப் பீடத்தில் இடம் தந்தது. பெரியம்மா கேட்ட கேள்விக்கு ஒரு விடை இதோ: லத்தீனில் கேட்டுக்கொண்டிருந்த பூசையை இன்று தமிழில் சொல்லி ஜெபிக்கிறோமே, அது அப்படிப் போனவர்களால் நமக்கு வந்தது.

1970 நவம்பரில் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் மணிலாவுக்கு வந்தபோது, ஆசிய மேற்றிராணிமார் அங்கே கூடினார்கள். அதிலிருந்து ஆசிய மேற்றிராணியார் பேரவைகளின் கூட்டமைப்பு பிறந்தது. 1974-ல் தைபே நகரில் நடந்த அதன் முதல் பேரவை, ஆசியத் திருச்சபை ஏழைகளோடும், இந்நாடுகளின் பண்பாடுகளோடும், பிற சமயத்தாரோடும் உரையாட வேண்டுமென்று தீர்மானித்தது. 2022 அக்டோபரில் அதன் ஐம்பதாண்டுப் பொதுமாநாடு பாங்காக்கில் நடந்தது. 2025 நவம்பரில் பினாங்கில் "நம்பிக்கையின் பெரும் திருயாத்திரை" என்ற பெயரால் ஆசிய நாட்டார் கூடினார்கள்.

பினாங்கு தமிழருக்குப் புதிய ஊரல்ல. 1926 முதல் 1973 வரை ரஜுலா என்னும் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்வந்தது. வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்கள் ஜெபமாலையையும் கொண்டுபோனார்கள். நம் பங்கிலும் 1964-ம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கண்டு இம்மலைக்கு வந்த குடும்பங்கள் உண்டு. நெடும்பயணம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? உங்களை யாரும் அனுப்பவில்லை, தள்ளினார்கள். சபையால் அனுப்பப்படுவது எத்தனை பெரிய பாக்கியம் என்பதை நீங்களே நன்றாக அறிவீர்கள்.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் கடல்கடந்து ஒரு குருக்கள் கூட்டத்துக்குப் போனேன். போகுமுன் உங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. அங்கே, பிழைக்கப் போன இளைஞரால் காலியாகும் கிராமக் கோவில்களைப்பற்றி மற்ற நாட்டுக் குருக்கள் பேசியபோது, கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்ட நம் பிள்ளைகளைப்பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. திரும்பி வந்து, எல்லாரும் நலம், உங்களுக்காக ஜெபித்தேன் என்று சொன்னதோடு விட்டேன். எழுதிய குறிப்பேடு பெட்டியில் கிடக்கிறது. பெரியம்மா கேட்டது என்னைத்தான்.

ஆகையால் இதைத் தீர்மானித்திருக்கிறேன். இனி நம் பங்கிலிருந்து குருவானாலும் விசுவாசியானாலும் இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போவதாயிருந்தால், முந்தின ஞாயிறு பூசைக்குப்பின் சபையைக் கூட்டி, எதைச் சொல்ல வேண்டுமென்று கேட்போம். திரும்பிய ஒரு மாதத்துக்குள் அவர் சபைமுன் நின்று, கண்டதையும் கேட்டதையும் தமிழில் சொல்லக் கடவார். முதலில் என் குறிப்பேட்டையே அடுத்த ஞாயிறு மாலை ஜெபமாலைக்குப்பின் வாசிக்கிறேன். பெரியம்மா முன்வரிசையில் உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பிள்ளைகளோடு படிக்க:

வினா: அந்தியோக்கியா சபை சின்னப்பரையும் பர்னபாவையும் ஏன் அனுப்பியது?
விடை: புறசாதியாருக்கு விருத்தசேதனம் அவசியமோ என்ற வழக்கைத் தீர்க்க அனுப்பியது.

வினா: சங்கத்தின் தீர்ப்பு ஜனங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது?
விடை: போனவர்கள் நிருபத்தோடு திரும்பி, சபையைக் கூட்டிக் கையளித்ததால் வந்து சேர்ந்தது.

வினா: போகாதவர்களுடைய கடமை என்ன?
விடை: போகிறவரிடம் தங்கள் பாரத்தைச் சொல்லி அனுப்புதல், ஜெபித்தல், வந்தவரிடம், என்ன கொண்டுவந்தீர் என்று தவறாமல் கேட்டல்.

அப்போஸ்தலரை நடத்திய இஸ்பிரீத்துசாந்து நம்மையும் நடத்துவாராக. ஆமென்.

உங்கள் பங்குக்குரு