மூன்று பேர், ஓர் அறை: விடுதிக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

கலந்தாய்வு முடிந்து கல்லூரி உறுதியானதும் பல வீடுகளில் அடுத்து நடப்பது கடைவீதிப் பயணம்தான். வாளி, மக், மெத்தை, பிளாஸ்டிக் அலமாரி, மடக்கு மேசை, சுவரில் ஒட்டும் கொக்கி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பிள்ளை தங்கப்போகும் அறையை மட்டும் வீட்டில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். வாங்கியதில் பாதி, சேர்ந்த அன்று மாலையே அப்பாவோடு ஊர் திரும்பும்.

தமிழ்நாட்டு விடுதிகளில் பரவலாகக் காணப்படுவது பத்துக்குப் பன்னிரண்டு அடி, அல்லது அதற்குச் சற்றுக் கூடக்குறைய உள்ள அறை. அதில் மூன்று பேர். இரும்புக் கட்டில் ஒவ்வொன்றும் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம் என்றால் கட்டில்களே 45 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். மேசை, நாற்காலி, பீரோ போக, கதவு திறக்கவும் மூன்று பேர் நடமாடவும் மிஞ்சுவது அறையில் பாதிகூட இல்லை. ஆகவே எதை வாங்கும் முன்பும் இரண்டு கேள்வி போதும். இது தரையில் இடம் பிடிக்குமா? கோடை விடுமுறைக்கு அறையைக் காலி செய்யச் சொல்லும்போது இதைப் பேருந்தில் ஏற்ற முடியுமா? பல கல்லூரிகளில் ஆண்டுதோறும் அறை மாறும் என்பதால் இரண்டாவது கேள்வியை நான்கு ஆண்டுக்கு நான்கு முறை சந்திக்க வேண்டியிருக்கும்.

முதல் நாளுக்குப் படுக்கை, வாளி, பூட்டு, தட்டு, டம்ளர் போதும். மற்றவற்றை முதல் வாரம் கழிந்த பிறகு, அறைத்தோழர்களோடு பேசிக்கொண்டு, அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்.

மெத்தை: இலவம் பஞ்சா, கயிறா, ஃபோமா?

பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டியது இங்கேதான். முதலில் அளவு. கடையில் ‘சிங்கிள்’ என்று கொடுப்பது பெரும்பாலும் 72க்கு 36 அங்குலம் அல்லது 75க்கு 36. விடுதிக் கட்டிலோ பல இடங்களில் 72க்கு 30தான். அரை அடி வெளியே தொங்கும் மெத்தையில் ஓரமாகப் புரண்டால் சரிந்துவிடும். விடுதி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கட்டில் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலின் மேல் பலகை இருக்கிறதா, வெறும் இரும்புப் பட்டைகளா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பட்டை என்றால் இரண்டு அங்குல மெத்தை முதுகுக்குப் போதாது. நான்கு அங்குலம் வேண்டும்.

இலவம் பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பேருந்தில் ஏற்றிவிடலாம். வெயிலில் காயவைத்தால் மறுபடி உப்பிக்கொள்ளும், உடம்புச் சூட்டையும் தேக்காது. போடிநாயக்கனூர்ப் பக்கம் சொந்தபந்தம் இருப்பவர்கள் நல்ல பஞ்சாகப் பார்த்துத் தைத்தே வாங்கிவிடுவார்கள். ஆனால் இலவம் பஞ்சின் இழை எளிதில் நொறுங்கும். ஓரிரு ஆண்டில் மெத்தை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் ஆகி, தூசும் கிளம்பும். ஆஸ்துமா, தும்மல் தொல்லை உள்ள பிள்ளைக்கு இது வேண்டாம்.

கயிறு மெத்தை, அதாவது தேங்காய் நாரில் ரப்பர் பால் கலந்து அழுத்தியது, முதுகுக்குத் திடமாக இருக்கும், காற்றும் உள்ளே போய்வரும். ஆனால் மடிக்க முடியாது, கனமும் அதிகம். கல்லூரிக்குக் காரில் போய்வரும் தூரத்தில் வீடு இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். ஃபோம் இலேசானது, மூன்றாக மடிக்கும் வகையும் கிடைக்கிறது. ஆனால் சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மே மாதப் புழுக்கத்தில் ஃபோமில் படுத்தால் முதுகு நனைந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் கல்லூரி என்றால் அதே ஃபோம்தான் சுகம். சமவெளியில், அதுவும் வீடு தொலைவில் என்றால் என் ஓட்டு இலவம் பஞ்சுக்கே. குறைந்த காலமே உழைக்கும் என்பதைத் தெரிந்தே சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் ஜிப் வைத்த உறை ஒன்று போட்டுவிடுங்கள். விடுதி வாழ்க்கையின் பெரிய எதிரி தேர்வு அல்ல, மூட்டைப்பூச்சி. இரும்புக் கட்டிலின் பற்றவைத்த மூலைகளிலும் மெத்தைத் தையலிலும்தான் அது ஒளிந்திருக்கும். சேர்ந்த அன்றே மெத்தையை விரிக்கும் முன், கட்டில் மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கொதிநீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு விரிக்கலாம். சீனியர்கள் ஊருக்குப் போகும்போது மலிவாக விற்பவற்றில் வாளி, மேசை விளக்கு, மிதிவண்டி ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். மெத்தையையும் தலையணையையும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பொருள் வைக்க: டிரங்குப் பெட்டியா, டிராலியா, பிளாஸ்டிக்கா?

அறையில் யாரும் பயன்படுத்தாத பெரிய இடம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதன் உயரத்தை அளந்துவிட்டுத்தான் பெட்டி வாங்க வேண்டும். சில கட்டில்களில் குறுக்குக் கம்பி ஒன்று தாழ்வாக ஓடும். அளவு சரியாக இருந்தும் பெட்டி உள்ளே போகாது.

பழைய இரும்பு டிரங்குப் பெட்டியை இப்போது பலர் கேலி செய்கிறார்கள். ஆனால் எலி கடிக்காது, பூட்டலாம், நண்பர்கள் வந்தால் அதன் மேல் உட்கார வைக்கலாம். கடலோர ஊரில் துருப்பிடிக்கும் என்பதும், இழுத்தால் தரையைக் கீறும் என்பதும்தான் குறை. அடியில் பழைய சாக்கு ஒன்றைப் போட்டால் கீறலுக்கு வழி அடைபடும். சக்கரம் வைத்த டிராலிப் பெட்டி பயணத்துக்கு உகந்தது. அறையில் அது வெறும் பெட்டியாக நின்றால் இடத்துக்குக் கேடு. உடனே தேவைப்படாத துணியைப் போட்டுக் கட்டிலடியில் படுக்கவைத்துவிட வேண்டும். ஆக, இரும்புப் பெட்டி அல்லது டிராலி, இரண்டில் ஒன்று போதும்.

தட்டையான பிளாஸ்டிக் பெட்டி, மூடியோடு, தினமும் எடுக்கும் பொருளுக்கு நல்லது. வெளியிலிருந்தே உள்ளிருப்பது தெரியும். கடையில் பார்க்க அழகாக இருக்கும் மடக்குத் துணிப்பெட்டிகளை மட்டும் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்குள் வைத்த துணியில் பூஞ்சை பூத்துவிடும். பீரோவுக்குள் நான்கு அந்துருண்டை போட்டுவைத்தால் பூச்சிக்கும் வாடைக்கும் ஆகும். ஆனால் தின்பண்டத்தோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தின்பண்டம் என்றதும் ஒன்று. முறுக்கும் அதிரசமும் பருப்புப்பொடியும் பிளாஸ்டிக் டப்பாவில் போனால் எறும்புக்கும் எலிக்கும் விருந்து. இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவே சரி. கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகம் போலக் குரங்குகள் உலவும் இடமென்றால் டப்பா மட்டும் போதாது, ஜன்னலையும் சாத்த வேண்டும்.

துணி உலர்த்த

அறைக்குள் நைலான் கொடி கட்டுவது மலிவு; தலைக்கு மேலே போவதால் தரையில் இடமும் கேட்காது. ஆனால் ஈரத்துணியை மூடிய அறையில் உலர்த்தினால் சுவர் பூத்துவிடும், மூன்று பேருக்கும் சளி பிடிக்கும். மடக்கு ஸ்டாண்ட் வாங்கினால் நடைபாதையில் வைக்கலாம் என்றாலும் அது பொதுச்சொத்தாக மாற அதிக நாள் ஆகாது. கொடியையே கட்டுங்கள், மழை நாளில் மட்டும் மின்விசிறிக்கு நேர் கீழே வருமாறு. கதவின் மேல் மாட்டும் கொக்கிகளை வாங்கும் முன் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விடுதிகளின் மரக்கதவு மழையில் ஊதிக்கொள்ளும். கொக்கி மாட்டினால் கதவு சாத்தாது.

கொசுவலை: ஜன்னலுக்கா, கட்டிலுக்கா?

வீட்டில் ஜன்னலுக்கு வெல்க்ரோ வலை ஒட்டுவது நல்ல ஏற்பாடு. விடுதியில் அது வீண். விடுதிக் கதவு இரவு பன்னிரண்டு வரை சாத்தப்படுவதே இல்லை. ஜன்னலை அடைத்து என்ன பயன்? கட்டிலுக்கான வலையே உதவும். குடை போல் விரிந்து நிற்கும் மடக்கு வலைக்குச் சுவரில் ஆணி வேண்டாம், மடித்தால் தட்டையாகிவிடும். நான்கு மூலையிலும் கயிறு கட்டும் பழைய வலை மலிவு, காற்றும் கூடுதலாக வரும். ஆனால் கட்ட இடம் வேண்டும். ஆணி அடிக்கத் தடை உள்ள இடத்தில் மடக்கு வலைதான் வழி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. மதியம் தூங்கும் பழக்கம் உள்ளவர்கள் அப்போதும் வலையை விரித்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சமும் பிளக் பாயிண்டும்

ஒருவர் படிக்க, இருவர் தூங்க வேண்டிய அறையில் டியூப்லைட் சண்டையை வளர்க்கும். ஆளுக்கொரு சிறு விளக்கு அவசியம். மேசை விளக்கைவிடக் கட்டில் கம்பியில் கவ்வும் கிளிப் விளக்கு மேல். மேசையில் இடம் மிஞ்சும், படுத்தபடியும் படிக்கலாம். உள்ளேயே பேட்டரி வைத்த விளக்கில் பேட்டரி தளர்ந்தால் விளக்கே குப்பை. யு.எஸ்.பி. வயரில் ஓடும் விளக்கு இரண்டு, மூன்று வாட்டுக்குள்தான் எடுக்கும். மின்தடையில் பவர் பேங்கிலும் எரியும். அதையே வாங்குங்கள்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றோ இரண்டோ பிளக் பாயிண்ட்தான் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று போதும். ஒன்றில் இன்னொன்றைச் செருகி நீட்டுவது ஆபத்து. சிறு துளை பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1380 வாட் வரைதான் தாங்கும். மூன்று மடிக்கணினியும் மூன்று கைப்பேசியும் சேர்ந்தாலும் அதில் கால்பங்கை எட்டுவது அரிது. 1500 வாட் கெட்டில் ஒன்றே எல்லையைத் தாண்டிவிடும். கெட்டிலையும் வாட்டர் ஹீட்டர் ராடையும் விடுதிகள் தடை செய்வதற்கு இது ஒரு காரணம். வார்டனின் கண்டிப்பு என்று மட்டும் நினைத்து ஒளித்துவைக்க வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பங்கு போட்டு வாங்கலாமா? துடைப்பம், குப்பைக்கூடை, ஃபினாயில் போன்ற தீர்ந்துபோகும் பொருட்களுக்குப் பங்கு போடலாம். ஆண்டு இறுதியில் யாராவது ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய எதற்கும் பங்கு வேண்டாம். ஒருவர் வாங்கட்டும், மூவரும் பயன்படுத்தலாம்.

அலங்காரம்

சுவரை அழகுபடுத்துவதில்தான் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். ஒட்டும் முன் சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளைப் பொடி வந்தால் அது சுண்ணாம்பு அல்லது மலிவான டிஸ்டெம்பர். அதில் இரட்டைப்பக்க டேப்பும் ஒட்டும் கொக்கியும் நிற்காது. விழும்போது சுவரின் தோலையும் உரித்துக்கொண்டு விழும், காப்புத்தொகையில் பிடித்தம் வரும். வழவழப்பான எமல்ஷன் பெயிண்ட் என்றால் கழற்றும் வகைக் கொக்கிகள் ஓரளவு நிற்கும். வெற்றிடத்தால் ஒட்டும் ரப்பர் கொக்கி கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் மட்டுமே.

சுவரை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ கைப்பிடி வரை ஒரு சணல் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் புகைப்படங்களை மாட்டலாம். பல்புச் சரமும் அதே கயிற்றில் ஏறும். பின்புறம் பசை உள்ள எல்.இ.டி. பட்டை வேண்டாம்; கழற்றும்போது பெயிண்டோடு வரும்.

உண்மையில் அறையில் கண்ணுக்குப் படும் பெரிய பரப்பு சுவர் அல்ல, கட்டில். போஸ்டருக்கும் பொம்மைக்கும் செலவிடும் பணத்தில் நல்ல போர்வையும் படுக்கை விரிப்பும் இரண்டு ஜோடி வாங்கினால் அறையின் தோற்றமே மாறிவிடும். சென்னிமலைக் கைத்தறி விரிப்புகளில் கட்டம் போட்ட அடர்நிறம் அழுக்கையும் தாங்கும். தடித்தது மழைக்காலத்தில் உலர நாளாகும் என்பதால் ஒரு ஜோடியாவது மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். தரைக்குக் கம்பளம் வேண்டாம். தூசு உறிஞ்சும் இயந்திரம் இல்லாத இடத்தில் அது அழுக்கு மூட்டை. கோரைப்பாய் ஒன்று போதும். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் பவானி ஜமக்காளம் நெடுநாள் உழைக்கும். சுருட்டி மூலையில் நிறுத்திவிடலாம்.

பாட்டிலில் மணி பிளாண்ட் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட அந்த அளவு தண்ணீரே போதும். அதைச் செய்யச் சோம்பல் என்றால் மண்தொட்டியில் வைக்கும் செடியே மேல்.

சாவி வாங்கியதும், ஒரு பொருளையும் இறக்கி வைக்கும் முன், சுவர், கட்டில், மேசை, ஜன்னல் கண்ணாடி, பீரோ பூட்டு எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள உடைசலையும் கீறலையும் வார்டனுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆண்டு முடிவில் காப்புத்தொகை கேட்கப் போகும்போது கையில் ஆதாரம் இருக்கும்.