பழைய காற்றுச்சீராக்கிக்குப் புத்துயிர்

கடலடியில் பவளப்பாறைகளைக் காணச் செல்லும் முக்குளிப்பாளர்கள் முதுகில் காற்றுக்கலனைச் சுமந்து செல்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கலனில் உள்ள காற்றை அவர்களால் நேரடியாகச் சுவாசிக்க முடியாது. கலனுக்கும் வாய்க்கும் இடையே இருக்கும் ஒரு சிறு கருவியே அதைச் சுவாசிக்கத் தக்கதாக மாற்றுகிறது. இதனை ரெகுலேட்டர் என்பர்; தமிழில் காற்றுச்சீராக்கி எனலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட சீராக்கிகளைத் தேடிப் பெற்று, பழுது நீக்கி, மீண்டும் நீருக்குள் பயன்படுத்துவோர் இன்றும் உள்ளனர். பழைய கடிகாரம் பழுதானால் நேரம் தவறும். பழைய சீராக்கி பழுதானால் நீருக்கடியில் மூச்சே தடைப்படும். எனவே, இக்கருவியைப் புதுப்பிப்பதைவிடச் சோதிப்பதே பெரிய பணியாகும்.

சீராக்கியின் பணி

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நம் மார்பின்மீது, நீர்ப்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு அழுத்தம் இருக்கும். 20 மீட்டரில் மும்மடங்கு இருக்கும். நாம் உள்ளிழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் இருந்தால்தான் நுரையீரல் எளிதாக விரியும். ஆனால், இன்றைய காற்றுக்கலனில் அழுத்தம் பெரும்பாலும் 200 பார் வரை இருக்கும்.

இந்த வேறுபாட்டைச் சரிசெய்வது ஒரு வட்டமான ரப்பர் படலம். அதன் ஒரு பக்கத்தில் நீரும் மறுபக்கத்தில் காற்றும் இருக்கும். முக்குளிப்பாளர் மூச்சை இழுத்ததும் படலம் உட்பக்கமாக வளைந்து ஒரு நெம்புகோலை அழுத்தும், நெம்புகோல் வால்வைத் திறக்கும், காற்று வரும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமானதும் படலம் பழைய நிலைக்குத் திரும்ப, வால்வு மூடிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் இது நிகழ்கிறது.

மார்ன் ஆற்றில் கற்ற பாடம்

இரண்டாம் உலகப்போரின்போது பிரான்சில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்பொழுது எமில் காக்னான் என்ற பொறியாளர், வாகனங்களை எரிவாயுவால் இயக்க உதவும் சீராக்கி ஒன்றை உருவாக்கியிருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ அவருடன் சேர்ந்து, அதை முக்குளிப்புக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தார்.

1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிசுக்கு அருகில் உள்ள மார்ன் ஆற்றில் கூஸ்தோ அதைச் சோதித்தார். கிடைமட்டமாக நீந்தியபோது கருவி நன்றாக இயங்கியது. நிமிர்ந்து நின்றபோதோ காற்று வீணாக வெளியேறியது. தலைகீழாகச் சென்றபோது மூச்சை இழுப்பதே கடினமாயிற்று. காற்று உள்ளே வரும் பகுதியும் மூச்சு வெளியேறும் பகுதியும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததே காரணம். உயரம் மாறினால் நீரின் அழுத்தமும் மாறும் அல்லவா? இரண்டையும் அருகருகே அமைத்ததும் சிக்கல் தீர்ந்தது.

அக்காலச் சீராக்கிகளில் இரண்டு குழாய்கள் இருப்பதன் காரணமும் இதுவே. ஒன்று முதுகில் உள்ள சீராக்கியிலிருந்து காற்றை வாய்க்குக் கொண்டு வரும். மற்றொன்று வெளிவிடும் மூச்சை அதே இடத்திற்குத் திருப்பிக் கொண்டு செல்லும். 1950-களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த டெட் எல்ட்ரெட், ரப்பர் படலத்தை வாயருகே வைத்து ஒற்றைக் குழாய்ச் சீராக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். காலப்போக்கில் ஒற்றைக் குழாய் அமைப்பே எங்கும் பரவியது.

பிரித்தலும் துலக்குதலும்

பழைய சீராக்கியைப் பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் படம் எடுத்து, பாகங்களை வரிசையாக வைக்க வேண்டும். அதன் உடல் பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளையால் ஆனது. கடல்நீரின் உப்பு பட்ட இடங்களில் பச்சை நிறக் களிம்பு ஏறியிருக்கும். வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குகிறோம். புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. இங்கும் அதே முறைதான். நீர்த்த வினிகரில் பாகங்களைச் சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் அலசுவர். கம்பித் தூரிகை கூடாது. வால்வு அமரும் விளிம்பில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் காற்று கசியும்.

உலோகம் நீண்ட காலம் உழைக்கும், ரப்பர் உழைக்காது. அது இறுகி, வெடித்து, பொடியாகும். ஆகவே படலம், குழாய்கள், மூச்சு வெளியேறும் வால்வு, ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை மாற்றியே ஆக வேண்டும். வால்வு இருக்கையும் தேய்ந்திருந்தால் மாற்றப்படும்.

சோதனைகள்

முதலாவது, கசிவுச் சோதனை. காற்று நுழையும் வழியை அடைத்துவிட்டு வாய்ப்பகுதியில் உறிஞ்ச வேண்டும். சிறிதளவு காற்று தொடர்ந்து வந்தாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். நீருக்குள் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும்.

இரண்டாவது, அழுத்தச் சோதனை. இரண்டு படிகளில் அழுத்தத்தைக் குறைக்கும் சீராக்கிகளில், முதற்படியைக் கடந்த காற்றின் அழுத்தத்தை ஒரு மானியால் அளப்பர். தயாரிப்பாளர் குறித்த அளவில் முள் அசையாமல் நிற்க வேண்டும். முள் மெல்ல மெல்ல ஏறினால் வால்வு முழுமையாக மூடவில்லை. சில நொடிகள் மட்டும் பார்த்தால் இந்தக் குறை தெரியாது; பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மூச்சிழுப்புச் சோதனை. நிறமிட்ட நீர் நிரப்பிய 'ப' வடிவக் குழாயை வாய்ப்பகுதியுடன் இணைத்து மெதுவாக உறிஞ்சுவர். நீர்மட்டம் எவ்வளவு உயரும்போது காற்று வரத் தொடங்குகிறது என்பதைக் கவனிப்பர். நன்கு சீரமைத்த கருவியில் ஒரு சில சென்டிமீட்டர் போதும். அளவு அதிகமானால் மூச்சிழுக்கச் சிரமம். மிகவும் குறைந்தால் காற்று தானாகவே பீறிட்டு வீணாகும்.

இவற்றில் தேறிய பின்னரே, துணைக்கு ஒருவருடன் ஆழமற்ற நீச்சல் குளத்தில் அதைப் பயன்படுத்திப் பார்ப்பர். நிமிர்ந்தும், குப்புறவும், மல்லாந்தும் சுவாசித்துப் பார்ப்பது வழக்கம். மார்ன் ஆற்றில் செய்த சோதனையை ஒவ்வொரு பழைய சீராக்கியும் இவ்வாறு மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.

காட்சிக்கா, பயன்பாட்டுக்கா?

பழைய ரப்பர் பாகங்களை அகற்றினால் கருவியின் வரலாற்றில் ஒரு பகுதியை இழக்கிறோம். அகற்றாவிட்டால் அதை நம்பி நீரில் இறங்க முடியாது. எனவே, காட்சிக்கு வைக்கும் கருவியை உள்ளபடியே பாதுகாப்பதும், பயன்படுத்தும் கருவியில் புதிய பாகங்களைப் பொருத்துவதும் பொருத்தமாகும். கழற்றிய பாகங்களைப் பெயரும் நாளும் எழுதிப் பத்திரப்படுத்தலாம்.

பளபளக்கும் சீராக்கி எப்பொழுதும் பாதுகாப்பான சீராக்கி ஆகிவிடாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் முன்னோர். உயிர் காக்கும் கருவிக்கு அந்த விசாரணையே சோதனை. இப்பணியை முறையான பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

சிந்தித்து விடையளிக்க

1. கூஸ்தோவின் முதல் சோதனையில் ஏற்பட்ட சிக்கலுக்குக் காரணம் என்ன?
2. அழுத்தச் சோதனையில் பொறுமை ஏன் தேவைப்படுகிறது?
3. உம்மிடம் பழைய சீராக்கி ஒன்று கிடைத்தால், அதை உள்ளபடியே பாதுகாப்பீரா, புதுப்பிப்பீரா? காரணத்துடன் எழுதுக.