சத்தம் போடாதவரையும் கேள்

வானகரம்

அன்பு மகள் கயலுக்கு,

மனநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். ஸ்கிசோஃப்ரீனியா உள்ள ஒருவரை அழைத்து வந்தால், "கலாட்டா பண்றாரா, அடிக்கிறாரா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அவரால் நமக்கு என்ன ஆபத்து என்பது மட்டுமே அந்தக் கேள்வியில் இருக்கிறது. அவருக்கு என்ன ஆபத்து என்பது விட்டுப்போகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது இறந்த 28 பேரில் பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். சங்கிலியை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. அதைப் போட வைத்த பயம் அப்படியேதான் இருக்கிறது.

இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேர் தற்கொலையில் இறக்கிறார்கள். நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களிலும் அபாயம் கூடுதல். அதாவது, "இப்ப பரவாயில்ல" என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில். நோயில் காதில் கேட்ட குரல்கள் அடங்கிய பிறகுதானே படிப்பு போனதும் வேலை போனதும் அவருக்கு உறைக்கிறது! ஆகவே "குரல் கேட்குதா?" என்பதோடு நிறுத்திவிடாதே. யார் குரல், என்ன செய்யச் சொல்கிறது, செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கிறார் என்பதையும் கேள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் சுற்றி வளைக்காமல் கேள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கேட்டதும் மனம் இலேசானவர்களே உண்டு.

அப்படியானால் அடிப்பவரே இல்லையா என்பாய். இருக்கிறார்கள், சிறுபான்மையாக. அங்கேயும் நோயின் பெயரை வைத்து முடிவுகட்ட முடியாது. முன்பு அடித்திருக்கிறாரா, குடியோ கஞ்சாவோ உண்டா, மாத்திரையை நிறுத்திவிட்டாரா, "அண்ணிதான் சோத்துல விஷம் வைக்கிறா" என்பதுபோல் ஒருவர் மேலேயே சந்தேகம் ஊன்றியிருக்கிறதா என்று பார். கடைசியாகச் சொன்னது இருந்தால் அந்த அண்ணியைத் தனியே அழைத்துப் பேசு. இன்னொன்று: ஊசி போட்ட பிறகு உட்கார முடியாமல் வார்டில் நடந்துகொண்டே இருப்பவரை முரண்டு பிடிக்கிறார் என்று எழுதிவிடாதே. கால் பரபரப்பு மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார். தெரியாமல் இன்னொரு ஊசி போட்டால் தவிப்பு கூடும், அந்தத் தவிப்பிலேயே உயிரை வெறுத்தவர்களும் உண்டு.

கூட்டமான ஓபி-யில் இத்தனைக்கும் நேரமிருக்காது என்பது நியாயம்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டியதில்லை. சாவைப் பற்றிய கேள்வியை மட்டும் தள்ளிப்போடாதே. டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு ஒரு வாரத்துக்குள் அடுத்த தேதி கொடு. அதே சீட்டில் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயும் எழுதிக் கொடு, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அன்புடன்,
பெரியப்பா