ஆறிய சோறு சர்க்கரையை ஏற்றாதா?

சென்னை உணவகங்கள் சிலவற்றில் இப்போது 'சுஷி' என்ற ஜப்பானிய உணவு கிடைக்கிறது. சோற்றில் வினிகர் எனப்படும் புளிக்காடியும் சிறிது சர்க்கரையும் உப்பும் கலந்து ஆறவிடுவார்கள். அதைச் சிறு கட்டியாகப் பிடித்து, மேலே ஒரு துண்டு மீனை வைத்தால் அது ஒரு வகைச் சுஷி. "எண்ணெய் இல்லை, சோறும் ஆறியது; ஆகவே நீரிழிவுக்காரர்களுக்கு ஏற்றது" என்று சிலர் சொல்கிறார்கள். மயிலாப்பூர் வீடுகளிலும், "பழைய சோறு சர்க்கரையை ஏற்றாது" என்று சொல்லி, தாத்தா இன்னொரு கரண்டி கேட்பதுண்டு. இது உண்மையா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உள்ளது. உண்பதற்கு முன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 90 மி.கி. குளுக்கோஸ் இருக்கும். ஆக, மொத்த இரத்தத்திலும் இருப்பது 4.5 கிராம்தான்; ஒரு தேக்கரண்டி அளவு!

ஒரு சுஷியில் 20 கிராம் சோறு என்று கொள்வோம். எட்டுத் துண்டுகளில் 160 கிராம். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. எனவே எட்டுத் துண்டுகளில் ஏறக்குறைய 45 கிராம். இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைப் போல இது பத்து மடங்கு! நலமான உடலில், கணையம் சுரக்கும் இன்சுலின் இதைத் திசுக்களுக்குள் அனுப்பிவிடுகிறது. நீரிழிவில் இந்த வேலை சரிவர நடப்பதில்லை.

சரி, ஆறவைத்தால் என்ன நடக்கிறது? அரிசியின் மாவுமணிகளில் மூலக்கூறுகள் ஓரளவு படிகம்போல ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. கொதிநீரில் அந்த ஒழுங்கு குலைகிறது. நீர் உட்புகுந்து மணி ஊதுகிறது. சீரண நொதிகளுக்கு வழி திறந்துவிட்டது! சோறு குளிரும்போது, அமைலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகள் மறுபடி நெருங்கிப் படிகமாகின்றன. ஆறிய சோறு விறைப்பது இதனால்தான். அந்தப் பகுதிக்குள் நொதிகள் எளிதில் நுழைய முடியாது.

எவ்வளவு பகுதி என்பதுதான் கேள்வி. 2015-இல் வெளியான இந்தோனேசிய ஆய்வொன்றில், 100 கிராம் புதுச் சோற்றில் சீரணமாகாத மாவு 0.64 கிராம் இருந்தது. 4 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியபின் அது 1.65 கிராம் ஆயிற்று. உயர்வு ஒரே ஒரு கிராம், மீதியெல்லாம் பழையபடியே! சுஷிக்கான குட்டை அரிசியில் அமைலோஸும் குறைவு. அது ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புளிப்புக்கு ஓரளவு பயன் உண்டு. அமிலம் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. குளுக்கோஸ் மெதுவாக ஏறுகிறது. சோற்றுடன் புளிக்காடியோ, பால் பொருளோ, பயறு வகையோ சேர்த்தால் இந்த ஏற்றம் குறைவதை 2003-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. நம் தயிர்சாதமும் பருப்புச் சாதமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? ஆனால் ஏற்றம் குறைகிறதேயன்றி, மாவுச்சத்து மறைந்துவிடுவதில்லை. மீனில் மாவுச்சத்து அநேகமாக இல்லை. சோறில்லாமல் மீனை மட்டும் பரிமாறும் 'சஷிமி'தான் மாவுச்சத்துக் குறைந்த உணவு, சுஷி அன்று.

இது நமக்கு அயலார் கதை அன்று. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து அதை நடத்தியது, நம் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்.

ஆகவே, சோறு சூடா, ஆறியதா என்பதைவிட, எவ்வளவு என்பதே முதற்கேள்வி. இன்று உங்கள் தட்டில் விழும் சோற்றைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 250 கிராம் இருந்தால் மாவுச்சத்து எவ்வளவு? அது உங்கள் இரத்தத்தின் குளுக்கோஸைப் போல எத்தனை மடங்கு? விடையைத் தாத்தாவிடமும் காட்டுங்கள். ஆனால் மருந்து உட்கொள்பவர்கள் உணவின் அளவை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.