காலையும் கொஞ்சம் கவனிப்போம்

குறைந்த செலவில் வீட்டிலேயே பாதப் பராமரிப்பு



காலையில் பிரட்டுக்குப் போவது முதல் சாயங்காலம் கடைசிக் கொழுந்தை நிறுத்துவது வரை நம்மைத் தாங்குவது நமது கால்கள்தான். மலை ஏறுகிறோம், கான் தாண்டுகிறோம், ஈர மண்ணிலும் கல்லிலும் நிற்கிறோம். ஆனால் முகத்துக்குப் பவுடர் வாங்குகிற நாம், தலைக்கு எண்ணெய் வாங்குகிற நாம், காலுக்கென்று எதையும் வாங்குவதில்லை. "வெடிப்புத்தானே, தானா சரியாயிரும்" என்று விட்டுவிடுகிறோம். அது ஒருநாள் பழுத்து, நாலு நாள் பேர் போன பிறகுதான் டிஸ்பென்சரி ஞாபகத்துக்கு வருகிறது.

டவுனில் அழகு நிலையங்களில் 'பெடிகியூர்' என்று காலைச் சுத்தம் செய்து விடுகிறார்கள். அதற்குக் கணிசமான பணம் வேண்டும். ஆனால் அங்கே செய்கிற முக்கியமான வேலைகளை லயத்து வீட்டிலும் செய்யலாம். எப்படிச் செய்வது, எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பித்தவெடிப்பு ஏன் வருகிறது?

பெயரில் பித்தம் இருந்தாலும் இதற்கும் பித்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. நமது தோலில் அநேக இடங்களில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. உள்ளங்காலில் அவை கிடையாது. அங்கே வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே உள்ளன. அதனால் உள்ளங்கால் சீக்கிரம் காய்ந்து போகிறது. வெறுங்காலோடு நடந்தால் தோல் தடிக்கிறது. காய்ந்து தடித்த தோலின் மேல் உடம்பின் பாரமும் கொழுந்துக் கூடையின் பாரமும் சேர்ந்து அழுத்தும்போது குதிகால் பக்கவாட்டில் விரிகிறது. தோல் வளைந்து கொடுக்க முடியாமல் வெடிக்கிறது.

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தை, மாசிப் பனியிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆடிக் கச்சான் காற்றிலும் வெடிப்பு கூடுவது இதனால்தான். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் அது ஒரு திறந்த காயம். மண்ணில் உள்ள ஏற்புக் கிருமியும், கான் தண்ணீரில் உள்ள எலிக்காய்ச்சல் கிருமியும் அதன் வழியாக உள்ளே போகலாம். உரமும் களைநாசினியும் அந்த இடத்தில் பட்டால் எரிச்சலும் புண்ணும் உண்டாகும். ஆகவே இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல.

வீட்டில் செய்யும் முறை

1. ஊறவைத்தல். ஒரு பேசினில் கை பொறுக்கிற இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்துக் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பத்து நிமிடம் காலை வைக்கவும். அதற்கு மேல் வேண்டாம். அதிக நேரம் ஊறினால் தோல் இன்னும் காய்ந்துவிடும். உப்புப் போடுவது வழக்கம். போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

2. தேய்த்தல். பீர்க்கங்கூடு அல்லது கடையில் விற்கும் நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்க்கவும். ஒரே நாளில் எல்லாத் தோலையும் எடுக்கப் பார்க்காமல், வாரத்துக்கு இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவும். பீலிக்கரைக் கல்லில் குதிகாலை உரசுவது நம்மவர் பழக்கம். ஆனால் அந்தக் கல்லில் பத்து வீட்டுக் கால் படுகிறது. ஒருவருடைய சேற்றுப்புண் இன்னொருவருக்குத் தொற்ற அது வழி. ஆளுக்கொரு பீர்க்கங்கூடு வைத்துக்கொண்டால் செலவே இல்லை, வேலியில் காய்க்கிறது.

3. நகம் வெட்டுதல். ஊறிய நகம் வெட்டச் சுலபம். நேராக வெட்டவும். ஓரங்களை உள்ளே வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் கட்டும். நகவெட்டியையும் பிளேட்டையும் பலர் மாறி மாறிப் பாவிக்கக் கூடாது.

4. துடைத்தல். விரல் இடுக்குகளை நன்றாகத் துடைக்கவும். குதிகாலில் மட்டும் லேசான ஈரம் இருக்கட்டும்.

5. பூசுதல். அந்த ஈரம் காய்வதற்குள் எண்ணெயோ கிறீமோ பூசவும். விரல் இடுக்கில் பூச வேண்டாம். பூசிய பின் பழைய நூல் மேசு ஒன்றைப் போட்டுக்கொண்டு படுக்கலாம். எண்ணெய்க் காலோடு சிமெந்துத் தரையில் நடந்தால் வழுக்கும், கவனம்.

எதை வாங்கலாம்?

கடைகளில் பல விதமான டப்பாக்கள் இருக்கின்றன. அவற்றின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூன்று வகைதான்: ஈரத்தை மூடி வைப்பவை, ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை, தடித்த தோலை இளக்குபவை.

முதல் வகை, பெற்றோலியம் ஜெல்லி. வாசலின் என்று நாம் சொல்வது. இது தோலுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. இருக்கிற தண்ணீர் போகாமல் மூடி வைக்கிறது. அதனால்தான் ஈரக் காலில் பூசச் சொல்கிறோம். காய்ந்த காலில் பூசினால் பாதிப் பலன்தான். 1872-ம் ஆண்டிலேயே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது. இன்றும் விலை குறைந்ததும் நம்பத் தகுந்ததும் இதுதான். வாசனை சேர்க்காத சாதாரண வகையே போதும்.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இதே வேலையைச் செய்யும். ஆனால் சீக்கிரம் துடைபட்டுப் போகும். எண்ணெயைக் கெட்டியாக்க ஒரு வழி உண்டு. ஒரு பங்கு வெள்ளை மெழுகுதிரித் துண்டும் நாலு பங்கு தேங்காய் எண்ணெயும் ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைக் கொதிநீருள்ள சட்டிக்குள் வைத்துக் கரைக்கவும். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பற்றலாம். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. நன்றாக ஆறிக் கெட்டியான பிறகே பூச வேண்டும்.

இரண்டாவது வகை, கிளிசரின். பார்மசியில் சிறு போத்தலில் கிடைக்கும். பங்குக்குப் பங்கு தண்ணீர் கலந்து முதலில் அதைப் பூசி, மேலே வாசலின் பூசினால் நல்ல பலன் தரும்.

மூன்றாவது வகை, யூரியா சேர்ந்த கிறீம். நூற்றுக்குப் பத்து அளவு யூரியா உள்ளது தோலை ஈரமாக வைக்கும். இருபது, இருபத்தைந்து அளவு உள்ளது தடித்த தோலை இளக்கும். விலை கூடியதுதான். ஆழமான வெடிப்புக்கும் மற்றவற்றுக்குக் கேட்காத காலுக்கும் மட்டும் இதை வாங்கினால் போதும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. "யூரியாதானே, ஸ்டோர்ல மூட்டை மூட்டையா இருக்கே" என்று உர யூரியாவைக் கரைத்துப் பூசவே கூடாது. மருந்து யூரியா சுத்திகரித்து, அளந்து சேர்க்கப்பட்டது. உரம் அப்படிப்பட்டதல்ல. வெடித்த தோலில் அது புண்ணாக்கிவிடும்.

எது நல்லது என்று நாமே சோதிக்கலாம்

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தக் கிறீம் போட்டு நல்லாப் போச்சாம்" என்று கேட்டு வாங்குகிறோம். ஆனால் அக்கா கிறீம் பூசிய அதே வாரத்தில் மழை பெய்து பனி குறைந்திருக்கலாம். அப்படியானால் சுகமாக்கியது கிறீமா, மழையா?

நமக்கு இரண்டு கால் இருக்கிறது. அதை வைத்தே சோதிக்கலாம். இரண்டு காலிலும் வெடிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால், இடது காலுக்குத் தேங்காய் எண்ணெய், வலது காலுக்கு வாசலின் என்று பதினான்கு இரவு பூசவும். ஊறவைப்பது, தேய்ப்பது, மேசு போடுவது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கலண்டரில் குறித்துக்கொள்ளவும். வாரம் ஒரு தடவை மூன்று விஷயங்களைப் பார்க்கவும். மிதித்தால் வலிக்கிறதா? வெடிப்பு ஆழம் குறைந்திருக்கிறதா? கம்பளியில் குதிகால் சிக்குகிறதா? இரண்டு காலுக்கும் மழையும் ஒன்று, வேலையும் ஒன்று. ஆகவே வித்தியாசம் தெரிந்தால் அது பூசிய பொருளால்தான்.

வித்தியாசம் தெரியாவிட்டால் விலை குறைந்ததையே வாங்குங்கள். இதேபோல விலை கூடிய கிறீமையும் வாசலினோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு டப்பா வாங்கினால் செலவும் குறையும். ஆனால் டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களும் காலில் புண் உள்ளவர்களும் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

சேற்றுப்புண்

மழைக் காலத்தில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்பதாலும், ரப்பர் பூட்ஸுக்குள் வியர்ப்பதாலும் விரல் இடுக்கு வெளுத்து, உரிந்து, அரிக்கும். பெரும்பாலும் கடைசி இரண்டு விரலுக்கு நடுவே தொடங்கும். இது பங்கசு என்னும் பூஞ்சணத்தால் வருவது. வெடிப்புக்கு வைத்தியம் ஈரம் என்றால், இதற்கு வைத்தியம் உலர்வு. இரண்டையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. விரல் இடுக்கில் எண்ணெயும் வாசலினும் பூசினால் பூஞ்சணத்துக்கு வசதியாகிவிடும்.

வேலையால் வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, அடுப்படியில் கொஞ்ச நேரம் காலை நீட்டி உலர விடவும். பிறகு குளோட்ரிமசோல் கிறீமைக் காலையும் இரவும் பூசவும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிட்டால் திரும்ப வரும். சுகமான பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும்.

கடையில் "ரெண்டு நாள்ல அரிப்பு நிக்கும்" என்று கொடுக்கிற சில கிறீம்களில் பீட்டாமெதசோன், குளோபெட்டாசோல் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள் உண்டு. அவை அரிப்பை அடக்குமே தவிர பூஞ்சணத்தைக் கொல்லாது. உள்ளுக்குள் பரவவே விடும். டப்பாவில் என்ன மருந்து இருக்கிறது என்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

செய்யக் கூடாதவை

- வெடிப்பையும் ஆணிக்காலையும் பிளேட்டால் சீவுதல்
- புண்ணில் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பற்பசை, தேசிக்காய்ப் புளி பூசுதல்
- சூடான மெழுகை வெடிப்பில் சொட்டவிடுதல்
- மருந்து அடித்த, உரம் போட்ட காலைக் கழுவாமல் வீட்டுக்குள் வருதல்
- ஆழமான காயத்துக்குப் பிறகு ஏற்பு ஊசியைப் பற்றி விசாரிக்காமல் இருத்தல்

சீனி வருத்தக்காரர் கால்

நீரிழிவு பல வருடம் இருந்தால் காலில் உணர்ச்சி மெல்ல மங்கும். ஆணி குத்தினாலும் தெரியாது. அடுப்படிச் சூடு சுட்டாலும் தெரியாது. சின்னப் புண் விரலை எடுக்கும் நிலைக்கு, சில சமயம் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் 2011-ல் எடுத்துச் சொன்ன சுலபமான முறை ஒன்று உண்டு. காசு வேண்டாம், கருவி வேண்டாம்.

அம்மாவையோ அப்பாவையோ கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இலேசாக ஓரிரு விநாடி தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். ஆறு விரலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சீனி இல்லாதவருக்கு உணர்ச்சி குறைந்தாலும் காட்ட வேண்டும். தொழுநோயும் அப்படித் தொடங்கலாம். அதற்கு நல்ல மருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

இவர்கள் சுடுநீரில் காலை ஊறவைக்கக் கூடாது. ஆணிக்கால் பிளாஸ்திரியும் ஒட்டக் கூடாது. அதில் உள்ள சலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

யாராக இருந்தாலும் சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவான பொருள்

காலுக்கு நாம் வாங்கக் கூடியதில் மிகப் பெரிய பலன் தருவது செருப்புதான். 1916-ம் ஆண்டில் ராக்பெல்லர் மன்றத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். அந்தப் புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியே உடம்புக்குள் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நமது முன்னோர் பலரைச் சோகை பிடிக்க வைத்தது அதுவே. மலசலகூடத்துக்கும் பீலிக்கும் தோட்டத்துக்கும் போகும்போது பிள்ளைகள் செருப்புப் போட வேண்டும் என்பது அதனால்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை. இதையெல்லாம் வாசிக்கிற தாய்மார், "ராத்திரி எல்லாத்துக்கும் சோறு போட்டு முடிச்சா, கால நீட்ட நேரம் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மற்றவர்களிடம்தான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு இரவு தண்ணீர் சுடவைத்துக் கொடுப்பது கணவர்மாரின் வேலையாகவும், எண்ணெய் எடுத்துக் கொடுப்பது பிள்ளைகளின் வேலையாகவும் இருக்கட்டும்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் லயத்தில் வெறுங்காலோடு மலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? என்ன காரணம்?
2. வெடிப்புக்கு ஒரு வைத்தியமும் சேற்றுப்புண்ணுக்கு இன்னொரு வைத்தியமும் ஏன்?
3. உங்கள் வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர் யார்? அவருடைய காலை இந்த வாரம் யார் பார்க்கப் போகிறீர்கள்?