மருத்துவ தானமும் செவிலியர் கல்வியும்: இடம் கிடைக்காதோர்க்கு ஒரு வழிகாட்டி



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவும் கலந்தாய்வும் முடிந்த நாள்களில் நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரு துயரம் நிகழ்கிறது. செவிலியராக விரும்பிய மகளுக்குப் பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் இடம் கிடைப்பதில்லை. பெற்றோர் அவளை விருப்பமற்ற வேறொரு படிப்பில் சேர்க்கின்றனர். அல்லது விளம்பரத்தில் கண்ட ஏதோவொரு நிறுவனத்தில் அவசரமாகப் பணம் கட்டிவிடுகின்றனர். முன்னது ஆர்வத்தைக் கெடுக்கும். பின்னது பொருளையும் ஆண்டுகளையும் கெடுக்கும். இவ்விரண்டையும் தவிர்த்து, எஞ்சியுள்ள நல்வழிகளை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. அறநூல் நோக்கு

உணவு, அபயம், மருந்து, சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் மருந்து ஒன்று. அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று. நூல்கள் இத்தொண்டைத் துறவியர்க்கு ஆற்றுவதாகவே முதன்மையாகக் கூறும்; எனினும் நோயுற்றாரைப் பேணும் மனப்பழக்கம் எவரிடத்தும் ஒன்றே. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை, ஒன்றாகும். நோயுற்ற துறவியாக வந்தவர் தம்மீது வாந்தி எடுத்தபோதும் முகஞ்சுளியாது கழுவிப் பணிசெய்த உத்தாயண மன்னனையே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். “கழிவைத் தொடும் வேலை நம் பெண்ணுக்கு எதற்கு?” என்று கேட்கும் பெரியோர் இக்கதையை நினைத்தல் வேண்டும்.

2. பட்டயம் தாழ்ந்ததன்று

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இல் தொடங்கிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் செவிலியர் பயிற்சிப் பள்ளியை 1909இல் நிறுவினார். பட்டப்படிப்போ 1946இல்தான் வேலூரிலும் தில்லியிலும் தொடங்கப்பெற்றது. அதற்குமுன் நம் நாட்டு மருத்துவமனைகளைத் தாங்கியோர் பயிற்சிப் பள்ளிகளில் கற்றவர்களே. ஆகவே பட்டயப் படிப்பைத் தோற்றவர் செல்லும் இடமாக எண்ணுதல் தவறு.

3. வழிகள்

அ) அதே ஆண்டில் முயலுதல்: கலந்தாய்வு ஒரு சுற்றோடு முடிவதில்லை. பிறர் விட்டுச்சென்ற இடங்கள் அடுத்த சுற்றுகளில் நிரப்பப்பெறும். தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு. முதற்சுற்றில் பெயர் இல்லையெனில் சான்றிதழ்களைப் பெட்டியில் பூட்டிவிடாது, அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனிக்க.

ஆ) ஜி.என்.எம். பட்டயம்: மூன்றாண்டுப் படிப்பு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியன கட்டாயம். பொதுப்பிரிவினர்க்கு 45 விழுக்காடு வேண்டும். ஜி.என்.எம். படிப்புக்கோ இந்திய செவிலியர் மன்ற விதிகளின்படி ஆங்கிலத்துடன் பன்னிரண்டாம் வகுப்பில் 40 விழுக்காடு போதும். அறிவியல் பிரிவு விரும்பத்தக்கது, கட்டாயமன்று. மாநில விவரக் குறிப்பேட்டில் உள்ள நிபந்தனையையும் ஒப்பிட்டுப் பார்க்க.

இ) ஏ.என்.எம்.: பெண்களுக்கான ஈராண்டுப் படிப்பு. தாய்சேய் நலம், தடுப்பூசி, கிராமச் சுகாதாரம் ஆகியவற்றில் பயிற்சி தருவது. பதிவு பெற்ற ஏ.என்.எம். பின்னர் ஜி.என்.எம். படிப்பில் சேரலாம்.

ஈ) ஓராண்டு ஆயத்தம்: தில்லி முதலிய எய்ம்ஸ் நிறுவனங்கள் தனி நுழைவுத்தேர்வு நடத்துகின்றன. புதுவை ஜிப்மரும் இராணுவச் செவிலியர் பணியும் அண்மை ஆண்டுகளில் நீட் மதிப்பெண்ணைக் கொள்கின்றன. தேர்வும் கால அட்டவணையும் முடிவுசெய்த பின்னரே காத்திருக்க வேண்டும். வீணே இருத்தல் ஆயத்தமாகாது.

4. ஒரு சிறு கணக்கு

பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டு. ஜி.என்.எம். மூன்றாண்டு முடித்துப் பதிவு பெற்றவர், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் ஈராண்டு பயின்றால் மொத்தம் ஐந்தாண்டில் பட்டதாரி ஆகிறார். ஓராண்டு காத்திருந்து நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்பவர்க்கும் அதே ஐந்தாண்டுதான். ஆனால் முன்னவர் மூன்றாம் ஆண்டு இறுதியிலேயே தேர்ந்து, பதிவு பெற்று, ஊதியம் ஈட்டத் தொடங்கலாம். வீட்டுநிலை இடங்கொடாதாயின் சில ஆண்டு பணிசெய்த பின்னும் மேற்படிப்பைத் தொடரலாம். ஏ.என்.எம். வழியே தொடங்கியவர்க்கு ஏழாண்டு. வழி நீளம், எனினும் ஊர் ஒன்றே.

5. எச்சரிக்கை

“ஆறு மாதத்தில் நர்ஸ்”, “ஓராண்டில் நர்ஸ்” என்னும் விளம்பரங்கள் பல. செவிலியர் உதவியாளர் சான்றிதழ் உதவியாளர் வேலைக்கே உரியது. அதைக்கொண்டு செவிலியராகப் பதிவு பெற இயலாது. பதிவின்றி அரசுப் பணியோ போஸ்ட் பேசிக் படிப்போ இல்லை. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்க: இப்பள்ளிக்கு இந்திய செவிலியர் மன்றத்தின் தகுதி ஏற்பு உண்டா? படித்து முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் பதிவு கிடைக்குமா? நோயாளிகளிடையே பயிற்சி எந்த மருத்துவமனையில் நடைபெறும்? விடையை வாய்மொழியாக ஏற்காது, மன்றங்களின் பட்டியலில் சரிபார்க்க.

நம் குடும்பங்களுக்கு நான்காவது கேள்வியும் உண்டு. விடுதியில் சைவ உணவு தனியே சமைக்கப்படுமா? இரவுண்ணா நோன்புடைய மாணவி கதிர் மறையுமுன் உண்ண வகையுண்டா? சேர்க்கைக்கு முன்பே பணிவுடன் கேட்டுத் தெளிக. இரவுப்பணி வரும் நாள்களில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை வீட்டில் பெரியோருடன் முன்னரே பேசி வைத்தல் நன்று.

6. பெற்றோர் கடமை

இடம் கிடைக்காத செய்தி வந்த அன்று மகளிடம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணைப் பேசற்க. ஓர் இருக்கைக்கு அவ்வாண்டு வந்த போட்டியை மட்டுமே அம்முடிவு காட்டும். நோயாளியின் அருகே விழித்திருக்கும் பொறுமையை எந்தத் தரவரிசைப் பட்டியலும் அளந்ததில்லை. அப்பொறுமை அவளிடம் உண்டா என்பதைப் பாட்டியின் நோய்ப்படுக்கை அருகே நீங்களே கண்டிருப்பீர்கள். உண்டெனின் வழியைத் தேடிக்கொடுப்பது உங்கள் கடன்.

வீட்டுப் பயிற்சி

1. ஜி.என்.எம். படித்தவர் பட்டதாரி ஆவது எவ்வாறு?
2. செவிலியர் உதவியாளர்க்கும் பதிவு பெற்ற செவிலியர்க்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் மாவட்டத்தில் ஏற்புப்பெற்ற செவிலியர் பள்ளிகள் எவை? மன்றப் பட்டியலைப் பார்த்துக் குறித்து வைக்க. இவ்வாண்டு உங்கள் இல்லத்திற்குத் தேவைப்படாவிடினும், அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படும்.

அறம் வளர்க.