பொலிவியா நாட்டு நெசவும் செரசேடா அம்மையாரும்

சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லுங்கால் நான் பலமுறை கண்ட காட்சி ஒன்றுண்டு. இருப்புப் பதிவேட்டில் ஒரே ரகம், ஒரே கூலி என்று எழுதப்பட்ட இரண்டு புடவைகளை மேசைமீது விரித்துப் பார்த்தால், ஒன்று தேர்ந்த கையின் வேலையாகவும் மற்றொன்று அவசரத்தில் முடித்ததாகவும் இருக்கும். ஏட்டிற்கு இரண்டும் ஒன்றே. ஒரு சங்கத்தில் முதிய நெசவாளர் ஒருவர், "கூலி ஒன்றுதான் என்றால் நான் மட்டும் ஏன் ஐயா கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டார். அப்பொழுது எனக்கு விடை தோன்றவில்லை. பின்னர்த் தென் அமெரிக்காவில் மானிடவியல் அறிஞர் ஒருவர் ஆற்றிய பணியைப் பற்றிப் படித்தேன். அதனை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மானிடவியல் என்பது மக்களின் வாழ்க்கை முறை, பழக்க வழக்கம், நம்பிக்கை, தொழில் ஆகியவற்றை அவர்களிடையே தங்கியிருந்து கற்கும் சாஸ்திரம். சிலி நாட்டைச் சேர்ந்த வெரோனிகா செரசேடா என்னும் அம்மையார் இத்துறையில் ஈடுபட்டு, அந்நாட்டின் வடகோடியில் ஆந்திய மலைமீதுள்ள இஸ்லுகா என்னும் பகுதியில் அய்மாரா மொழி பேசும் குடியானவர்களின் நெசவை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் பட்டாடையன்று. தானியமும் உருளைக்கிழங்கும் கட்டி வைக்கும் சாதாரணக் கோடு போட்ட பை! லாமா என்னும் விலங்கின் மயிரை நூற்று, சாயமிடாது, இயற்கையான பழுப்பு, கருப்பு, வெள்ளை நிறங்களிலேயே பெண்கள் அதை நெய்கின்றனர். அப்பையின் நடுக்கோட்டை அவர்கள் இருதயம் என்கின்றனர். அதன் இரு புறமும் உள்ள கோடுகள், ஓர் உடலின் வலப்பக்கமும் இடப்பக்கமும் போல, ஒன்றற்கொன்று இணையாக அமைகின்றன. எழுத்தறியாத பெண்கள் தம் எண்ணங்களை நூலில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அம்மையார் விளக்கிய கட்டுரை 1978-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. சாக்குப் பையில் இத்தனை இருக்கிறதா என்று அறிஞர் உலகம் வியந்தது. நெய்தவர்களுக்கு வியப்பில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிற்காலத்தில் அம்மையாரும், அவர் கணவரும் மானிடவியலாருமான காப்ரியேல் மார்ட்டினெஸும் அண்டை நாடாகிய பொலிவியாவில் பணியாற்றினர். அங்கே சூக்ரே நகரை அடுத்த மலைகளில் ஹல்கா என்னும் மக்கள் வாழ்கின்றனர். கெச்சுவா மொழி பேசுவோர். உருளைக்கிழங்கும் கோதுமையும் பயிரிடுவோர். இவர்களுடைய பெண்கள் இடுப்பிற்குப் பின்புறம் தொங்க அணியும் 'அக்ஸு' என்னும் ஆடையே நாம் கவனிக்கத்தக்கது. கருமையான நிலத்தில் சிவப்பு உருவங்கள்: சிறகு முளைத்த நாற்கால் விலங்குகள், கூன் விழுந்த பறவைகள், ஒன்றன் வயிற்றுக்குள் மற்றொன்று. மேல் எது கீழ் எது என்று கூற இயலாது. பூமிக்கு உட்புறமான இருள் உலகத்து ஜீவன்கள் அவை என்பது அம்மக்களின் கருத்து. வரைபடம் இல்லை, ஜக்கார்டு அட்டையும் இல்லை. சுவரில் சாய்த்த மரச்சட்டமே தறி. பாவு நூல்களை விரலால் எடுத்தும் விட்டும் உருவத்தை வருவிக்கிறார்கள். ஊடை மறைந்தே நிற்கிறது. ஒரு நல்ல துணிக்கு மாதக் கணக்கில் உழைப்பு வேண்டும்.

இக்கலை 1980-க்குப் பின் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. காரணத்தை நம்மவர் கவனிக்க வேண்டும். பழந்துணி வியாபாரிகள் ஊர் ஊராகச் சென்று, வறுமைப்பட்ட குடும்பங்களிடமிருந்து பாட்டி நெய்த ஆடைகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்றனர். வீட்டில் இருந்த பழைய ஆடையே பெண்ணுக்கு மாதிரி; அது போனால் பாடப் புத்தகம் போனதற்குச் சமம். அதே சமயம் உல்லாசப் பயணிகளுக்கென்று விரைவில் நெய்யும் துணி மலிந்தது. விலங்குகள் வரிசையில் நின்றன; உருவங்கள் குறைந்தன.

பொலிவியாவிலேயே கொரோமா என்னும் ஊரில் இதனினும் கொடியது நிகழ்ந்தது. மூதாதையராகவே போற்றி, மூட்டை கட்டிக் காத்து, ஆண்டுக்கொரு முறை வெளியே எடுத்து வழிபட்ட துணிகள் களவுபோய், 1988-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு இருக்கக் காணப்பட்டன. கிறிஸ்டினா பூப்பா என்னும் ஆராய்ச்சியாளர் ஊராருடன் நின்று போராடினார். 1989-இல் அமெரிக்க அரசாங்கம் அத்தகைய துணிகளின் இறக்குமதியைத் தடுத்தது. 1992-இல் ஏறத்தாழ 50 துணிகள் ஊர் திரும்பின. சட்டம் களவுபோனதை மீட்கும். மறந்துபோன கைத்திறனை மீட்க வேறு வழி தேவை.

அவ்வழியையே செரசேடா தம்பதியர் 1986-இல் தொடங்கினர். தென் ஆந்திய மானிடவியலார் என்பதன் சுருக்கமாக 'அசூர்' என்று அவர்கள் நிறுவனத்திற்குப் பெயர். (நம் காதுக்கு வேறுவிதமாக ஒலிப்பது அவர்கள் குற்றமன்று!) விற்றுப்போன துணிகளின் புகைப்படங்களைத் தேடிச் சேர்த்து, ஹல்கா கிராமங்களுக்கு எடுத்துச் சென்று பெண்களின் கையில் கொடுத்தனர். 'இதை அப்படியே நெய்யுங்கள்' என்று கட்டளையிடவில்லை. படத்தைப் பார்த்துப் பழகிய பெண்கள், முதலில் அதை ஒட்டியும், பின்னர்த் தம் மனத்தில் எழுந்த விசித்திர விலங்குகளைக் கொண்டும் நெய்தனர். படியெடுத்தல் அவ்வளவில் முடிந்து, கலை மீண்டும் நடக்கத் தொடங்கியது. நெய்த துணியை வேலையின் தரத்தை நோக்கி விலை கொடுத்து வாங்கி, சூக்ரே நகரில் தாமே அமைத்த கடையில் விற்றனர். நூற்றுக்கணக்கான பெண்கள் இதில் சேர்ந்தனர். தாராபூகோ என்னும் அண்டைப் பகுதிக்கும் பணி விரிந்தது. அங்குள்ள நெசவு ஒழுங்கான வரிசைகளை உடையது. ஹல்கா பாணியை அங்கே புகுத்தாது, இரண்டையும் தனித்தனியே காத்தது பாராட்டத்தக்கது.

குறையே இல்லை என்று நான் கூறமாட்டேன். உடுப்பதற்கு நெய்த காலம் போய், விற்பதற்கு நெய்யும் காலம் வந்தது. வாங்குவோர் பெரும்பாலும் வெளியூரார். பயணிகள் வரவு குறைந்தால் வருமானமும் குறையும். தரத்தை நிர்ணயிப்பவர் யார் என்ற கேள்வியும் எழவே செய்யும். ஆயினும் நல்ல வேலைக்கு நல்ல விலை என்பது உறுதிப்பட்ட பின்னரே இளம்பெண்கள் தாயின் தறியருகே மீண்டும் அமர்ந்தனர் என்பது என் எண்ணம். முன்பு மிதிதறியில் சாதாரணக் கம்பளி மட்டுமே நெய்துவந்த ஆண்களும் உருவ நெசவு கற்றுக்கொண்டனர். சூக்ரே நகரத்து அருங்காட்சியகத்தில் பழந்துணிகள் மாட்டியிருக்க, கிராமத்திலிருந்து வந்த பெண்கள் பார்வையாளர் முன்னிலையிலேயே நெய்வதும் உண்டு.

நிற்க. மேற்கூறிய முதியவரின் சங்கத்திற்கு அடுத்த தணிக்கையின்போது, கொள்முதல் பதிவேட்டில் 'வேலைத் தரம்' என்று ஒரு பத்தியைச் சேர்த்து, கூலியில் வித்தியாசம் காட்டுமாறு குறிப்பெழுதி வந்தேன். தரம் பார்க்கும் மூவரில் இருவர் தறியில் அமர்பவராக இருத்தல் வேண்டும் என்றும் எழுதினேன். நிர்வாகக் குழுவில் இரு கட்சி. விஷயம் பொதுக்குழுவின் முன் வைக்கப்பட இருக்கிறது.